தாழ்ந்த கார்... தாங்குமா இடுப்பு?

"மாமா, வண்டி எப்படி இருக்கு?"

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கோயம்புத்தூரில் அக்கா வீட்டு வாசலில் நின்றுகொண்டு அக்கா மகன் கேட்டான். 2018 மாடல் மாருதி ஸ்விஃப்ட். பழைய வண்டியாக வாங்கியதுதான். ஆனால் ஆளே மாறிப் போயிருந்தது! நாலு சக்கரமும் பெரிசு பெரிசாகப் பளபளக்க, பாயப் போகிற பூனை மாதிரி தரையோடு பதுங்கி உட்கார்ந்திருந்தது.

"ஜோரா இருக்கு மாப்ளே!" என்றேன். பொய் இல்லை. நிஜமாகவே ஜோராகத்தான் இருந்தது.

அந்த வாரமே குடும்பத்தோடு பழனிக்குக் கிளம்பினார்கள். அக்கா பின் சீட்டில். பொள்ளாச்சி, உடுமலை தாண்டி ஒரு ஊருக்குள் நுழையும்போது வெள்ளைக்கோடு அழிந்துபோன ஒரு ஸ்பீட் பிரேக்கர். கவனிக்கவில்லை. 'டம்!' வண்டிக்கு அடி தட்டிவிட்டது என்று ஓரம் கட்டி, எல்லோரும் கீழே குனிந்து பார்த்தார்கள். எண்ணெய் ஒழுகுகிறதா, பம்பர் கழன்றதா என்று பார்த்தார்களே தவிர, அக்காவை யாரும் பார்க்கவில்லை.

அடிவாரத்தில் அவள் இறங்குவதற்கு இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. மலைக்குப் போகவில்லை. திருஆவினன்குடியிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பினாள். அடுத்த மாதம் ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும்போது, "நீங்க கார்ல போங்க கண்ணு, நான் பஸ்ல வந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். ஆசை ஆசையாக வண்டியை இழைத்தவனுக்கு அந்த ஒரு வார்த்தை போதாதா? முகமே விழுந்துவிட்டது.

இந்தக் கதை எங்கள் வீட்டோடு முடிகிற கதை இல்லை. காலேஜ் முடித்து வேலைக்குப் போன பையனோ பெண்ணோ இருக்கிற வீட்டில் 'வண்டியை இறக்கணும், அலாய் போடணும்' என்ற பேச்சு எழாமல் இருப்பதில்லை. ஆசை தப்பில்லை. ஆனால் அந்த ஒரே கார்தான் ஆபீஸுக்கும் போக வேண்டும், ஆஸ்பத்திரிக்கும் போக வேண்டும், கல்யாணத்துக்கும் போக வேண்டும். அதனால் பட்டறைக்குப் போகிற முன்னால் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

ஸ்பிரிங் எதற்கு?

சக்கரம் பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும். அதோடு சேர்ந்து வண்டியும் அப்படியே ஏறி இறங்கினால் உள்ளே உட்கார முடியுமா? கட்டை வண்டி மாதிரி ஆகிவிடும். சக்கரத்துக்கும் உடம்புக்கும் நடுவில் இருக்கிற ஸ்பிரிங் அந்த அதிர்ச்சியைத் தான் வாங்கி, மெதுவாக விடுகிறது. ஸ்பிரிங் மட்டும் இருந்தால் வண்டி தொட்டில் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தைப் பிடித்து அடக்குவதுதான் ஷாக் அப்ஸார்பரின் வேலை. இரண்டும் புருஷன் பெண்டாட்டி மாதிரி. ஒருவருக்கு ஏற்ற மாதிரி இன்னொருவர். ஒன்றை மட்டும் மாற்றினால் வீட்டில் சண்டைதான்!

இதில் ஒரு கணக்கு உண்டு. சாதாரணக் குடும்பக் காரின் உடம்பு, மேட்டில் ஏறி இறங்கினால் விநாடிக்கு சுமார் ஒன்று முதல் ஒன்றரை தடவை ஆடும்படிதான் ஸ்பிரிங் வைக்கிறார்கள். நாம் நடக்கும்போது உடம்பு ஏறி இறங்குகிற தாளத்துக்குப் பக்கத்தில் வருகிற ஆட்டம் அது. அதனால்தான் நல்ல காரில் தூக்கம் வருகிறது.

ஸ்பிரிங்கை இறுக்கமாக்கினால் இந்த ஆட்டம் வேகம் பிடிக்கும். ஸ்பிரிங்கின் இறுக்கம் இரண்டு மடங்கானால் ஆட்டத்தின் வேகம் சுமார் 1.4 மடங்காகும். பந்தய வண்டிகள் இதைவிடவும் இறுக்கம். செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வே மாதிரி வழவழவென்ற டிராக்கில் அது சரி. அங்கே ஸ்பீட் பிரேக்கரும் கிடையாது. பின் சீட்டில் அம்மாவும் கிடையாது!

முதுகுக்குள்ளும் ஸ்பிரிங் உண்டு!

நம் முதுகிலும் ஒரு சஸ்பென்ஷன் இருக்கிறது. முள்ளெலும்புகளுக்கு நடுவே 23 வட்டுகள். டிஸ்க் என்று டாக்டர்கள் சொல்வார்கள். ஜவ்வு என்று நாம் சொல்வோம். உள்ளே கூழ் மாதிரி, வெளியே நார் வளையம். குதித்தாலும் ஓடினாலும் அதிர்ச்சியை வாங்கிக்கொள்வது இவைதான். வயது ஏற ஏற இவற்றில் நீர்ச்சத்து குறைந்து, மெத்தென்றிருந்தது வறண்டுபோகிறது. பெரியவர்களின் டிஸ்க்குக்கு நேரடி ரத்த ஓட்டம் மிகக் குறைவு என்பதால், ஒரு தடவை சேதமானால் ஆறுவதற்கும் நாளாகும்.

உட்கார்ந்திருக்கும்போது இடுப்பின் இயல்பான உள்வளைவு குறைந்துவிடுகிறது. கால்களும் உதவிக்கு இல்லை. நிற்கும்போது முழங்காலை மடக்கி அதிர்ச்சியைத் தணிப்போம். சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது அடி நேராக இடுப்புக்குத்தான். ஜவ்வு பிதுங்குகிற நோயாளிகளில் பெரும்பாலோருக்கு இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில்தான் கோளாறு என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஏற்றபடி தள்ளினால் கொஞ்சம் கொஞ்சமாக உயரே போகிறது இல்லையா? அதேபோல், உட்கார்ந்திருக்கிற மனித உடம்புக்கும் ஒரு தாளம் உண்டு. மேலும் கீழுமாக விநாடிக்கு 4 முதல் 6 தடவை வருகிற அதிர்வுதான் நம் நடுவுடம்பை அதிகமாக ஆட்டுகிறது. உடம்பு வாங்குகிற அதிர்வை அளப்பதற்கென்றே ஐ.எஸ்.ஓ. 2631 என்ற உலகத் தர அளவுகோல் இருக்கிறது; அதன் முதல் பகுதியை 1997-ல் திருத்தி வெளியிட்டார்கள். அதுவும் மேலும் கீழுமான ஆட்டத்தில் இந்த வேகத்துக்கு அதிக முக்கியத்துவம் கொடுக்கிறது. மெதுவாக ஆடுகிற ஸ்பிரிங் இந்த அதிர்வை வடிகட்டிவிடும். இறுக்கமான ஸ்பிரிங்கும் மெல்லிய டயரும் சேர்ந்தால் வடிகட்டி ஓட்டையாகிவிடும்!

பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். தினம் அரைமணி நேரம் ஆபீஸுக்கு ஓட்டுகிற 25 வயதுப் பையனுக்கு இதனால் டிஸ்க் பிய்ந்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை. வருஷக்கணக்கில் லாரி, பஸ், டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கு இடுப்பு வலி அதிகம் என்பது நன்றாகத் தெரிந்த விஷயம். நம் வீட்டுக் காரில் கவலைப்பட வேண்டியவர் ஓட்டுகிற இளைஞர் இல்லை. கூட வருகிற பெரியவர்கள்தான்.

காகிதத்தில் ஒரு கணக்கு

அக்கா மகனின் வண்டிக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அந்த மாடல் ஸ்விஃப்டின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி 163 மில்லிமீட்டர். அதுவும் ஆள் ஏறாதபோது. அவன் இறக்கியது 40 மில்லிமீட்டர். மிச்சம் 123.

நம் ஊர் ஸ்பீட் பிரேக்கர் எப்படி இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-லேயே அளவு சொல்லியிருக்கிறது. உயரம் 10 சென்டிமீட்டர், அகலம் 3.7 மீட்டர், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அலுங்காமல் ஏறி இறங்குகிற வளைவு. இந்த அளவில் இருந்தால் தாழ்ந்த கார்கூடத் தப்பித்துவிடும். மேடு காரின் அடிவயிற்றைவிட நீளம் என்பதால், வண்டி அதன்மேல் படகு மாதிரி ஏறி இறங்கும்.

ஆனால் நம் தெருவில் இருப்பது என்ன? ராத்திரியோடு ராத்திரியாகத் தாரைக் கொட்டி எழுப்பின வரப்பு! குறுகலான அந்த மேடு முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே நிற்கும்போது, 123-ல் 100 போனால் மிச்சம் 23 மில்லிமீட்டர். ரெண்டு விரல்கூட நுழையாது. அதில் ஐந்து பேர், டிக்கியில் தேங்காய்ப் பழம், துணிப்பை. வண்டி இன்னும் சில சென்டிமீட்டர் அமுங்கும். அப்புறம் தட்டாமல் என்ன செய்யும்?

அடி தட்டுவதைவிட மோசமான ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறது. ஸ்பிரிங் அமுங்குவதற்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லையில் கடைசித் தடுப்பாக ஒரு ரப்பர் கட்டை இருக்கும். வண்டியை இறக்கியதும் ஸ்பிரிங் அமுங்குகிற தூரம் குறைந்துவிடுகிறது. பெரிய மேடு வந்தால் ஸ்பிரிங் சட்டென்று முடிந்து, ரப்பர் கட்டையில் மோதி, அடி நேரே சீட்டுக்கு வந்துவிடும். அக்கா கேட்ட அந்த 'டம்' சத்தத்தில் பாதி இதுதான்!

அறுத்த ஸ்பிரிங் ஒட்டாது!

வண்டியை இறக்க மூன்று வழி சொல்வார்கள். முதலாவது, இருக்கிற ஸ்பிரிங்கிலேயே ஒன்று ஒன்றரைச் சுற்றை அறுத்துவிடுவது. செலவே இல்லை! அக்கா மகன் செய்தது இதுதான். "எல்லாரும் இப்படித்தாங்க தம்பி பண்றாங்க" என்று பட்டறையில் சொன்னார்களாம்.

சுற்று குறைந்தால் ஸ்பிரிங் இறுகும். இது பள்ளிக்கூடப் பாடம். அதோடு, அறுத்த முனை தன் தட்டில் சரியாக உட்காராது. வண்டி பள்ளத்தில் குதித்துச் சக்கரம் கீழே தொங்கும்போது ஸ்பிரிங் இடம் நழுவலாம். சில இடங்களில் ஸ்பிரிங்கைச் சூடுகாட்டித் தாழ்த்துவார்கள். அது இன்னும் மோசம். இரும்பின் பதமே போய்விடும். இந்த இரண்டையும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

இரண்டாவது, இறக்குவதற்கென்றே தயாரித்த குட்டை ஸ்பிரிங். இது தேவலை. ஆனால் பழைய ஷாக் அப்ஸார்பரோடு சேர்த்தால் அதற்கு வேலை பளு கூடி, சீக்கிரம் கசிய ஆரம்பிக்கும். மூன்றாவது, ஸ்பிரிங்கும் ஷாக் அப்ஸார்பரும் சேர்ந்தே வருகிற, உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய செட். நல்ல கம்பெனியுடையது என்றால் விலை அதிகம். மலிவானது என்றால் சவாரி மரப்பெட்டி மாதிரி இருக்கும்.

எந்த வழியில் இறக்கினாலும் சக்கரத்தின் சாய்மானம் மாறும். அலைன்மென்ட் பார்க்காமல் ஓட்டினால் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்து, வெளியே பார்த்தால் புதுசு மாதிரியே இருக்கும். ஒருநாள் நெடுஞ்சாலையில் காலை வாரிவிடும். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே அளவு இறங்கவில்லை என்றால் ஹெட்லைட் வெளிச்சமும் இடம் மாறும்.

லாபமே இல்லையா என்றால், உண்டு. எடை தாழ்வாக இருப்பதால் வளைவில் வண்டி குறைவாகச் சாயும். ஆனால் காய்கறி வாங்கப் போகிற வண்டிக்கு அந்த லாபம் எத்தனை நாள் தேவைப்படும்?

சக்கரம்: பெரிசா, சரியா?

இப்போது சக்கரத்துக்கு வருவோம். உங்கள் டயரின் பக்கத்தைப் பாருங்கள். 185/65 ஆர் 15 என்ற மாதிரி எழுதியிருக்கும். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் டயரின் பக்கச்சுவர் உயரம் என்பது. 15 என்பது ரிம்மின் குறுக்களவு, அங்குலத்தில்.

ஸ்விஃப்டின் ஆரம்ப மாடலுக்குக் கம்பெனி கொடுப்பது 165/80 ஆர் 14. மேல் மாடலுக்கு 185/65 ஆர் 15. கணக்குப் போட்டால் முதல் டயரின் மொத்த உயரம் சுமார் 620 மில்லிமீட்டர். இரண்டாவது 621 அல்லது 622. பார்த்தீர்களா? ரிம் ஒரு அங்குலம் பெரிசானாலும் மொத்த உயரம் மாறவில்லை. இதுதான் சக்கரம் மாற்றுவதன் முதல் விதி. மொத்த உயரம் மாறினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும்.

மொத்த உயரம் மாறாமல் ரிம் வளர்ந்தால் குறைவது எது? ரப்பர்! 14 அங்குலத்தில் பக்கச்சுவர் 132 மில்லிமீட்டர். 15 அங்குலத்தில் 120. 195/55 ஆர் 16 போட்டால் 107. 205/45 ஆர் 17 போட்டால் வெறும் 92! பள்ளத்தில் விழும்போது முதலில் அமுங்கிக்கொடுப்பது இந்தப் பக்கச்சுவரில் அடைபட்ட காற்றுதான். அது நாலு சென்டிமீட்டர் குறைந்துவிட்டால் உங்கள் இடுப்பும் ரிம்மும் ஒன்றாக அடி வாங்கும். இரும்பு ரிம் நெளிந்தால் தட்டி எடுத்துவிடலாம். அலாய் விரிசல் விடலாம். வெல்டிங் வைத்த அலாயைக் குடும்ப வண்டியில் மாட்டாதீர்கள்.

பெரிய ரிம் பெரும்பாலும் எடையும் கூட. ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கிற எடை கூடினால் சக்கரம் மேட்டில் ஏறி இறங்கத் திணறும். சவாரியும் கெடும், மைலேஜும் கொஞ்சம் போகும்.

'காத்தைக் குறைச்சுட்டா மெத்துன்னு இருக்கும்' என்று சிலர் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள்! மெல்லிய டயரில் காற்று குறைந்தால் டயர் சூடாகும், ரிம் சாலையில் இடிக்கும். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரில் உள்ள காற்றளவு, கம்பெனி கொடுத்த டயர் அளவுக்கானது. அதையே கடைப்பிடியுங்கள்.

அளவு மட்டும் சரியாக இருந்தால் போதாது, பொருத்தமும் வேண்டும். ஸ்விஃப்டுக்கு நாலு போல்ட்; அந்தப் போல்ட்டுகள் 100 மில்லிமீட்டர் வட்டத்தில் இருக்கும். இதைக் கடைக்காரர்கள் பி.சி.டி. என்பார்கள். நடு ஓட்டை 54.1 மில்லிமீட்டர். வெளியில் கிடைக்கும் அலாய்களில் நடு ஓட்டை பெரிதாக இருப்பது சகஜம். அப்படி இருந்தால் இடைவெளியை அடைக்கிற வளையம் கேட்டு வாங்கிப் போடுங்கள். இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கிறது என்பதை 'ஆஃப்செட்' என்பார்கள். அது கம்பெனி அளவுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். வெளியே துருத்திக்கொண்டு நின்றால் பேரிங் தேயும், ஆள் ஏறினால் மட்கார்டில் உரசும்.

டயர் வாங்கும்போது அளவுக்குப் பக்கத்தில் இருக்கிற எண்ணையும் பாருங்கள். 88 என்று இருந்தால் அந்த ஒரு டயர் 560 கிலோ தாங்கும். 85 என்றால் 515 கிலோ. கம்பெனி கொடுத்த எண்ணுக்குக் குறைவானதை வாங்கவே கூடாது.

போலீஸ் என்ன சொல்லும்?

இதைப் பலரும் கேட்பதே இல்லை. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவுப்படி, கம்பெனி கொடுத்த அசல் விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றி அமைக்கக் கூடாது. 2019 ஜனவரியில் கேரளத்து வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. அதே வருஷம் சட்டத்தைத் திருத்தியபோது, அனுமதி இல்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று வைத்துவிட்டார்கள். ஸ்பிரிங்கை அறுப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. ஆபீஸில் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

இன்ஷூரன்ஸ் விஷயமும் இருக்கிறது. சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி விபத்து இழப்பீட்டில் தகராறு வர இடம் உண்டு. வாரண்டியும் போகலாம். அலாய் வீல் போட்டிருந்தால் பாலிசியில் அதைத் தெரிவித்துவிடுங்கள்.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?

வண்டியை இறக்கலாமா என்று முடிவு செய்ய, பட்டறையைக் கேட்பதற்கு முன் வீட்டைச் சுற்றி ஒரு பார்வை பாருங்கள்.

மாதவிடாய் நின்ற பெண்கள் இருக்கிறார்களா? எலும்பு அடர்த்தி குறைய ஆரம்பிக்கிற வயது அது. வேகமாக ஸ்பீட் பிரேக்கர் ஏறிய பஸ்ஸில் பின் சீட்டில் இருந்தவர்களுக்கு முள்ளெலும்பு முறிந்ததாக மருத்துவ இதழ்களிலேயே பதிவாகியிருக்கிறது. எலும்பு பலவீனமானவர்களுக்குச் சின்ன அடியும் பெரிய அடி.

முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் இருக்கிறார்களா? நாலு சென்டிமீட்டர்தானே என்று உங்களுக்குத் தோன்றும். தாழ்ந்த சீட்டிலிருந்து எழும்போது முழங்கால் அதிகம் மடங்கி, அதிகப் பாரம் தாங்க வேண்டும். அவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்த நாலு சென்டிமீட்டரின் விலை தெரியும். இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன் செய்தவர்களைத் தாழ்ந்த ஆசனத்தில் உட்கார வேண்டாம் என்றே டாக்டர்கள் சொல்லி அனுப்புவது வழக்கம்.

கர்ப்பிணி இருக்கிறாரா? குலுங்காமல் மெதுவாக ஓட்டுங்கள். சீட் பெல்ட்டைத் தவிர்க்கக் கூடாது. கீழ்ப்பட்டை வயிற்றுக்கு மேலே இல்லாமல், வயிற்றுக்குக் கீழே தொடையின் மேற்பகுதியில் இடுப்பெலும்பைத் தழுவி வர வேண்டும். மேல்பட்டை மார்புகளுக்கு நடுவே.

பெரியவர்களை எங்கே உட்கார வைக்கலாம்? இரண்டு அச்சுக்கும் நடுவில் இருக்கிற இடத்தில் குலுக்கல் குறைவு. சின்னக் காரில் பின் சீட் பின் சக்கரத்தை ஒட்டியே இருக்கும். அதனால் முதுகு வலிக்காரருக்கு முன் சீட்தான் நல்லது. முதுகு சாய்மானத்தில் முழுக்கப் படும்படி உட்கார்ந்து, இடுப்பு வளைவில் ஒரு சின்னத் துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளலாம்.

மேட்டுக்கு முன்பே பிரேக் பிடியுங்கள். மேட்டின்மேல் பிரேக்கை விட்டுவிடுங்கள். பிரேக் பிடித்தபடியே ஏறினால் வண்டியின் மூக்கு அமுங்கி, ஸ்பிரிங்குக்கு வேலை செய்ய இடமே இருக்காது. தூரப் பயணத்தில் ஒன்றரை, இரண்டு மணிக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். நெடுநேரம் உட்கார்ந்து வந்து இறங்கின உடனே டிக்கியிலிருந்து கனமான பெட்டியைத் தூக்காதீர்கள். ஐந்து நிமிஷம் நடந்துவிட்டுத் தூக்குங்கள்.

டாக்டரிடம் எப்போது?

அக்காவை எலும்பு டாக்டரிடம் கூட்டிப் போனோம். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. எலும்பு அடர்த்திச் சோதனையில்தான் குறைவு என்று வந்தது. "படுத்தே இருக்காதீங்கம்மா. வலி விடுற அளவுக்கு நடங்க" என்றார். எலும்புக்கு மருந்தும் எழுதிக் கொடுத்தார். அப்புறம் மருமகன் பக்கம் திரும்பி, "என்ன வண்டி தம்பி?" என்று கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சாதாரணப் பிடிப்பு என்றால் சில நாட்களிலிருந்து சில வாரங்களில் தணியும். ஆனால் வயதானவர்களுக்கு ஒரு குலுக்கலுக்குப் பின் முதுகில் கடும் வலி வந்தால் உடனே காட்டுங்கள். வலி காலுக்கு இறங்கி, பாதம் மரத்துப்போனாலோ பலமிழந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். சிறுநீர், மலம் கட்டுப்பாடு போனாலும், உட்காருகிற இடத்தில் உணர்ச்சி இல்லாமல் போனாலும் அது அவசர நிலை. ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

ஆசையை எங்கே வைக்கலாம்?

அப்படியென்றால் வண்டியை அழகுபடுத்தவே கூடாதா? தாராளமாகச் செய்யலாம். உயரத்தைத் தொடாதீர்கள், அவ்வளவுதான். உங்கள் மாடலின் மேல் ரகத்துக்குக் கம்பெனியே கொடுக்கிற அலாய், அதே அளவு டயர்: இதுதான் பத்திரமான வழி. ஆரம்ப மாடலில் இருக்கிற 14 அங்குலத்தை 15 ஆக்கினாலே சக்கரம் மட்கார்டை நிறைத்து, வண்டி எடுப்பாகத் தெரியும். ரப்பர் குறைவது 12 மில்லிமீட்டர்தான்.

அக்கா மகனும் கடைசியில் அதற்குத்தான் வந்தான். அறுத்த ஸ்பிரிங் ஒட்டாதே! நாலு ஸ்பிரிங்கும் புதிதாக வாங்கினான். முன்னால் கசிந்துகொண்டிருந்த ஷாக் அப்ஸார்பர் இரண்டையும் மாற்ற வேண்டியிருந்தது. 17 அங்குலத்தை நஷ்டத்துக்கு விற்று, கம்பெனி 15 அங்குல அலாய் போட்டான். மிச்சம் பிடிக்கப் போய், இரண்டு மடங்கு செலவு.

சில மாதம் கழித்து மறுபடி பழனி. அக்காவுக்கு வலி முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். இடுப்பில் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்தாள். அதே ஊர், அதே மேடு. இந்தத் தடவை அவன் பத்தடி முன்னாலேயே வேகத்தைக் குறைத்தான். வண்டி ஏறி இறங்கியது.

"தாண்டியாச்சா கண்ணு?" என்று கேட்டாள் அக்கா.

"தாண்டியாச்சும்மா."

உங்கள் பட்டறைக்காரர் 'எவ்வளவு இறக்கட்டும்?' என்று கேட்கும்போது, பதில் சொல்வதற்கு முன் உங்கள் பின் சீட்டில் யார் உட்காருவார்கள் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள்.

பட்டறைக்குப் போகும் முன்...

• ஸ்பிரிங்கை அறுக்கவோ சூடுகாட்டவோ விடாதீர்கள்.

• புது சக்கரத்தோடு டயரின் மொத்த உயரம் பழைய அளவுக்குச் சமமாக இருக்கிறதா என்று நீங்களே கணக்குப் போடுங்கள்.

• பி.சி.டி., நடு ஓட்டை, ஆஃப்செட், பாரம் தாங்கும் எண் நான்கையும் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

• சக்கரம் மாட்டியதும் வீல் பாலன்சிங், அலைன்மென்ட் இரண்டையும் பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் போல்ட் இறுக்கத்தை இன்னொரு முறை சரிபாருங்கள்.

• பணம் கொடுக்கும் முன், வீட்டில் வயதானவர் ஒருவரைப் பின் சீட்டில் உட்கார வைத்து, உங்கள் தெரு ஸ்பீட் பிரேக்கரை மெதுவாக ஏறி இறங்குங்கள். அவர் முகத்தைப் பாருங்கள். அந்த முகம் சொல்வதுதான் தீர்ப்பு!